சிஎம்எம் புரோப் மோதுவது புள்ளிகளுக்கு இடையில்தான்

சிஎம்எம் (பாகங்களைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம்) ஒரு பாகத்தைத் தொடும் நேரத்தில் மிக மெதுவாக நகர்கிறது. எதையும் தொடாமல் கடந்துபோகும் நேரத்தில்தான் வேகமாக ஓடுகிறது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த புரோப் (பாகத்தைத் தொட்டு உணரும் கருவி) மோதல்களில் பெரும்பாலானவை அளவெடுக்கும் நொடியில் நிகழ்ந்தவை அல்ல, ஒரு புள்ளியை முடித்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போகும் வெற்றுப் பயணத்தில் நிகழ்ந்தவை. ஆனால் புரோகிராம் எழுதும்போது நம் கவனம் முழுவதும் புள்ளிகளின் மீதே இருக்கிறது. அவற்றை இணைக்கும் கோடுகளைத் தனியாக எவரும் வரைந்து பார்ப்பதில்லை.

நான் பணிபுரிந்த ஓரிடத்தில், மாதக்கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ஒன்று திடீரென்று மோதியது. 50 மி.மீ. விட்டமுள்ள உருளைப் புடைப்பு ஒன்றின் வெளிப்புறத்தை 8 புள்ளிகளில் அளக்கும் புரோகிராம் அது. நேரத்தைக் குறைப்பதற்காகப் புள்ளிகளை 4 ஆக்கியிருந்தார்கள். வேறு எதையும் தொடவில்லை. புரோப்பின் நுனியில் உள்ள ரூபி உருண்டையின் விட்டம் 3 மி.மீ., தொடுவதற்கு முன் மெதுவாக நெருங்கும் தூரம் (அப்ரோச்), தொட்ட பின் விலகும் தூரம் (ரிட்ராக்ட்) இரண்டும் 3 மி.மீ. என்றால், பின்வாங்கிய நிலையில் உருண்டையின் மையம் புடைப்பின் மையத்திலிருந்து 29.5 மி.மீ. தள்ளி இருக்கும். 8 புள்ளிகள் இருந்தபோது இரண்டு நிலைகளை இணைக்கும் நேர்கோடு மையத்தை 27.25 மி.மீ. வரை நெருங்கியது. உருண்டை உரசாமல் இருக்க 26.5 மி.மீ. போதும் என்பதால், முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் அது நாள்தோறும் தப்பிக்கொண்டிருந்தது. 4 புள்ளிகள் ஆனதும் அதே கோடு 20.9 மி.மீ. வரை உள்ளே போயிற்று, அதாவது புடைப்பின் ஊடாகவே போயிற்று. அந்த 4 புள்ளிகளுக்கு 11 மி.மீ.க்குக் கூடுதலான ரிட்ராக்ட் வேண்டும், அல்லது புள்ளிகளுக்கு இடையே வட்டப்பாதையில் நகரும்படி அமைத்திருக்க வேண்டும். புள்ளிகளின் எண்ணிக்கையை அளவீடு சார்ந்த முடிவாக மட்டுமே அனைவரும் பார்த்தார்கள். அது பாதையையும் மாற்றும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தவர்களில் நானும் ஒருவன்.

இயந்திரம் எதையாவது தொட்டால் உடனே நின்றுவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. தொட்டதை உணர்வது வேறு, நிற்பது வேறு. நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓடும் இயந்திரம் ஒவ்வொரு நொடிக்கும் 1000 மி.மீ. வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், அது நிற்பதற்கு 45 மி.மீ. தூரம் தேவைப்படும், வேகம் 100 மி.மீ. என்றால் 5 மி.மீ. போதும், தொடும் வேகமான 8 மி.மீ.யில் 0.03 மி.மீ.தான். புரோப் தாங்கக்கூடிய மிகைநகர்வு (தொட்ட பிறகும் தொடரும் நகர்வு) சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே புதிய புரோகிராமையும் திருத்திய புரோகிராமையும் முதல்முறை ஓட்டும்போது வேகத்தைப் பத்து விழுக்காட்டுக்குக் குறைத்து, நிறுத்தும் பொத்தானில் கைவைத்து, திரையைப் பாராமல் ஸ்டைலஸை (நுனியில் உருண்டை பொருத்திய மெல்லிய தண்டு) மட்டும் பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

சிறு துளைகளில் ஆபத்து வேறு வகையில் வருகிறது. 6 மி.மீ. துளைக்குள் 3 மி.மீ. உருண்டை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நகர்வதற்கு மொத்தமே 3 மி.மீ. இடம்தான் உண்டு. மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் 5 மி.மீ. ரிட்ராக்டை மாற்றாமல் விட்டால், தொட்டுவிட்டுப் பின்வாங்கும் உருண்டை எதிர்ச்சுவரில் போய் இடிக்கும். 1 மி.மீ. என்று குறைத்தால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் ஸ்டைலஸின் தண்டு இருக்கிறது. தண்டின் விட்டம் 2 மி.மீ. என்றால் உருண்டை சுவரைத் தொடும்போது தண்டுக்கும் சுவருக்கும் இடையே அரை மில்லிமீட்டர் மட்டுமே மிஞ்சும். 20 மி.மீ. ஆழத்தில் துளை ஒன்றரை டிகிரி சாய்ந்திருந்தாலே, உருண்டைக்கு முன்பே தண்டு விளிம்பில் பட்டுவிடும். அதையும் இயந்திரம் ஒரு புள்ளியாகப் பதிவு செய்துகொள்ளும் என்பதுதான் கொடுமை.

கிளியரன்ஸ் பிளேனைப் (புரோப் எதிலும் இடிக்காமல் நகர்வதற்கான பாதுகாப்புத் தளம்) பாகத்தின் மேல்முகத்தை வைத்து அமைப்பது பரவலான பழக்கம். அதைக் கிளாம்பின் (பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) உச்சியை வைத்து அமைக்க வேண்டும். சிமுலேஷனில் பார்த்தாயிற்று என்று சொல்பவரிடம், ஃபிக்ஸ்ச்சரும் (பாகத்தைத் தாங்கும் அமைப்பு) கிளாம்புகளும் அந்த மாடலில் இருக்கின்றனவா என்று நான் முதலில் கேட்பேன். அந்தப் பிளேன் பாகத்தின் அலைன்மென்டைச் (பாகம் இருக்கும் நிலையை வைத்து அமைக்கும் அச்சுகள்) சார்ந்தே நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பாகத்தைத் திருப்பி வைத்துக் கையால் அலைன்மென்ட் எடுத்தால், பாதுகாப்பான பாதை முழுவதும் பாகத்தோடு சேர்ந்து திரும்பிவிடும், கிளாம்புகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். மேல்முகத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாறும்போது நேர்கோடு மூலையை வெட்டிக்கொண்டு போகும் என்பதால், அங்கே ஓர் இடைநிலைப் புள்ளி கட்டாயம் வேண்டும். புரோப்பைத் தாங்கிக் கோணம் மாற்றும் ஹெட் திரும்பும்போதும் இதே கவனம் தேவை: திரும்பும் மையத்திலிருந்து 250 மி.மீ. தள்ளியிருக்கும் முனை, 90 டிகிரி சாயும்போது அத்தனை தூரமும் பக்கவாட்டில் வீசிச் செல்கிறது. எனவே பாகத்தை விட்டு முழுவதும் விலகிய பிறகே கோணத்தை மாற்றும் கட்டளை வர வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது, பிழைச் செய்தி வந்து இயந்திரம் நின்ற பிறகு ‘தொடர்க’ என்று அழுத்தும் அந்தக் கணத்தைத்தான். புரோகிராம் எத்தனை நூறு முறை ஓடியிருந்தாலும், புரோப் இப்போது நிற்கும் இடத்திலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லும் கோடு ஒருமுறைகூடச் சோதிக்கப்படாதது. முதலில் ஜாய்ஸ்டிக்கால் தொட்ட திசைக்கு நேர் எதிராகப் பின்வாங்கி, துளையாக இருந்தால் அதன் அச்சின் வழியாகவே வெளியே வந்து, கிளியரன்ஸ் பிளேனுக்கு மேலே ஏற்றிய பின்னரே தொடர வேண்டும்.

மேலே சொன்ன மோதலில், காந்தத்தால் ஒட்டியிருந்த ஸ்டைலஸ் மாட்யூல் கழன்றுகொண்டது. பணியில் இருந்தவர் அதை எடுத்து மறுபடி பொருத்தி, ரிங் கேஜை (விட்டம் துல்லியமாகத் தெரிந்த வளையம்) அளந்து பார்த்தார். விட்டம் சரியாகவே வந்தது. தண்டு சற்றே வளைந்திருந்தாலும் ஒரே கோணத்தில் எடுத்த எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவுக்குத்தான் விலகும் என்பதால் விட்டத்தில் அது தெரியாது. ஹெட்டின் வேறொரு கோணத்தில் அளந்த துளையோடு ஒப்பிடும்போதுதான் தெரியும், ஏனென்றால் அந்த விலகலும் ஹெட்டோடு சேர்ந்தே திரும்புகிறது. மறுநாள், முன்முகத் துளைக்கும் பக்கவாட்டுத் துளைக்கும் உள்ள தூரம் எல்லாப் பாகங்களிலும் ஒரே பக்கமாக விலகியிருப்பதைக் கண்ட பிறகுதான் ஸ்டைலஸை மாற்றினோம். புரோகிராம் பயன்படுத்தும் கோணங்கள் அனைத்தையும் ரெஃபரன்ஸ் ஸ்பியரில் (அளவு துல்லியமாகத் தெரிந்த உருண்டை) புதிதாகக் காலிபரேட் செய்துவிட்டு, மோதலுக்குப் பின் சரி என்று அனுப்பிய பாகங்களைத் திரும்ப வரவழைத்து ஒவ்வொன்றாக மறுபடி அளந்தோம்.