கடலில் முங்கிய கையோடு மலை ஏறாதீர்கள்

பொங்கல் விடுமுறைக்கு அந்தமான் போனவர்கள் நம் மலையூர்களுக்குத் திரும்புகிற வாரம் இது. தோள் வலி, முழங்கை வலி என்று வருகிறார்கள். "பெட்டி தூக்கினதுதான் டாக்டர்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நீலகிரித் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வருகிறார்கள். கடைசி நாள் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலில் முங்கப் போனது, பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் வெளியே வருகிறது. தயவுசெய்து அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிலிண்டர் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் இருக்கும்போது ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கூடுதலாகக் கரைந்திருக்கும். அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் உள்ளுக்குள்ளேயே குமிழியாகும். இவ்வளவுதான் விஷயம். இதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதைத் தொட்டு ஒரு தவறான நம்பிக்கை எப்படியோ நம் மலைகளில் வேரூன்றிவிட்டது. "ஃப்ளைட்லதான் ஏறக்கூடாதுன்னு சொன்னாங்க. நாங்க கார்லதானே வந்தோம்?"

விமானத்தில் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கொடைக்கானல் 2,100. ஊட்டி 2,240. அதாவது நீங்கள் குடியிருக்கிற வீடே பறக்கிற விமானத்தின் கேபின் உயரத்தில்தான் இருக்கிறது. உடம்புக்குக் காரும் தெரியாது, விமானமும் தெரியாது. அழுத்தம் குறைகிறதா என்பது மட்டும்தான் தெரியும். விமானத்திலாவது சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடுவீர்கள், அழுத்தம் திரும்பிவிடும். மலை வீட்டுக்கு வந்தவர் இறங்குவதே இல்லை. அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, மறுநாள் வேலைக்கும் போகிறார். சென்னைக்காரருக்கு விமானப் பயணத்தோடு முடிந்துபோகிற கண்டம் நமக்குக் கோயம்புத்தூரில் இறங்கிய பிறகு இன்னொரு முறை தொடங்குகிறது.

முங்கிய பின் சுமார் 600 மீட்டருக்கு மேல் போவதையே விமானப் பயணம் போலக் கணக்கில் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் பர்லியார் வருவதற்குள் அந்த உயரம் கடந்துவிடும். வத்தலக்குண்டு பக்கம் காட்ரோட்டில் ஏறுகிறவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் அதே கதை. அந்தமான் போக வசதிப்படாமல் புதுச்சேரியில் காலையில் முங்கிவிட்டு அன்று இரவே கொடைக்கானலுக்குக் காரை விடுகிறவர்கள்தான் இதில் அதிகம் பயப்பட வேண்டியவர்கள்.

முங்கிய பின் உயரம் ஏறும் முன் காத்திருக்க வேண்டிய கணக்கு இதுதான். ஒரே ஒரு முறை முங்கினால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு முறையோ, அடுத்தடுத்த நாட்களிலோ முங்கினால் குறைந்தது 18 மணி நேரம். மலையில் குடியிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது 24 மணி நேரம், எதுவானாலும். அந்தமானிலிருந்து சென்னை வந்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு தூங்கி மேட்டுப்பாளையத்தில் இறங்குங்கள். ஒரு ராத்திரி சமவெளியிலேயே கழிந்துவிடும்.

மேல்மட்டத்தில் மிதந்து குழாய் வழியாக மூச்சு விடுகிற ஸ்நார்க்கெலிங்குக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. தலையில் கூண்டு மாட்டிக் கடலடியில் நடக்கவைக்கிற சீ வாக் அப்படியல்ல, அங்கே அழுத்தம் கூட்டிய காற்றுதான் வருகிறது. ஆழம் குறைவு, அபாயமும் குறைவு. ஆனாலும் முங்கிய கணக்கிலேயே வையுங்கள்.

ஆகவே ஸ்கூபா ஆசை இருந்தால் அதைப் பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுக்கத்தானே தீவுக்குப் போகிறீர்கள்? கடைசி நாள் முழுக்க மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருங்கள். முதல் நாளும் வேண்டாம். ஊட்டிப் புல்தரையில் உறைபனி கொட்டுகிற ஜனவரியில் கிளம்பி மறுநாள் 30 டிகிரியில் போய் நிற்கிறீர்கள். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், உங்கள் விடுமுறையோ ஐந்து நாள். ஊரில் குளிருக்குத் தண்ணீரே குடிக்காமல் டீயில் ஓட்டிய பழக்கம் அங்கே செல்லாது. தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். தலைச்சுற்றலோ கெண்டைக்கால் பிடிப்போ வந்தால் நிழலில் படுத்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் குடியுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற ரத்த அழுத்தக்காரர்கள் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒன்று. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். அங்கே சூரியன் நம்மைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி உச்சிக்கு வருகிறது. "ஒன்பது மணிதானே" என்று இறங்குகிறீர்கள், அது நம்மூர்ப் பத்து மணி வெயில். கடற்காற்று சிலுசிலுவென்று அடிப்பதால் சுடுவது தெரியாது. வருஷம் முழுக்க ஸ்வெட்டருக்குள் இருந்த முதுகு மணலில் பளிச்சென்று திறந்து கிடக்கும், ராத்திரி பாயில் சாய முடியாது. முழுக்கைச் சட்டையோடு தண்ணீரில் இறங்குவதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனியுங்கள். திறந்த குப்பியை ஊட்டியில் அலமாரியிலேயே வைத்துப் பழகியிருப்பீர்கள். தீவில் அது கெட்டுப்போகும். 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், உறைந்தும் போகக்கூடாது. தங்குமிட ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். விமானத்தில் கைப்பையில்தான்.

சளி பிடித்திருந்தால் முங்காதீர்கள், காதும் சைனஸும் தாங்காது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு இறங்குவது கெட்டிக்காரத்தனம் அல்ல, உங்களைக் கூட்டிப்போகிற பயிற்சியாளருக்குச் செய்கிற துரோகமும்கூட.

மலைக்கு வந்த பிறகு மூட்டு வலி, காரணமில்லாத அசதி, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை, இதில் ஒன்று வந்தாலும் தைலத்தை எடுக்காதீர்கள். சமமாகப் படுக்கவையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், "ஸ்கூபா போய் வந்தவர்" என்று முதலில் அதைச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். மருந்து என்பது காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைச் சுருக்குகிற மறுஅழுத்த அறைதான், அது எல்லா ஊரிலும் கிடையாது. எங்கே அனுப்புவது என்று தேடவே எங்களுக்கு நேரம் பிடிக்கும். ஆக்சிஜன் வைத்ததும் வலி அடங்கிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். குமிழி போய்விட்டதா என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது.