ஆடாதோடை இலைக்குள் வாழும் பூஞ்சைகள்

புள்ளியோ பூச்சிக்கடியோ இல்லாத ஆடாதோடை இலைக்குள்ளும் பூஞ்சை இருக்கும் என்று சொன்னால், மூலிகை சேகரிப்பவர்கள் பலரும் முதலில் நம்புவதில்லை. ஆய்வகத்தில் அந்த இலையை நன்றாகக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, 70 விழுக்காடு எத்தனாலிலும் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சிறிது நேரம் அமிழ்த்தி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் அலசி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகார் (பூஞ்சை வளர்க்க உதவும் கூழ்) தட்டில் வைக்கிறோம். சில நாட்களில் துண்டுகளின் வெட்டு விளிம்பிலிருந்து வெண்ணிழைகள் கிளம்புகின்றன. ஒன்று சாம்பல் நிறம் கொள்கிறது, மற்றொன்று கரும்பச்சையாகிறது, இன்னொன்று ஸ்போர்களே (பூஞ்சை பரவ உதவும் நுண்வித்துகள்) உண்டாக்காமல் படர்ந்துகொண்டே போகிறது. அதே துண்டை வேறொரு தட்டில் ஒற்றி எடுத்துவிட்டால் அங்கே எதுவும் முளைப்பதில்லை என்பதே, இவை மேற்பரப்பில் ஒட்டியிருந்தவை அல்ல என்பதற்குச் சான்று.

செடிக்கு நோய் எதையும் காட்டாமல் திசுக்களுக்குள் வாழும் இவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்கிறோம். கொலிட்டோட்ரைக்கம், ஆல்டர்நேரியா, கிளாடோஸ்போரியம் போன்ற பேரினங்கள் வெப்பமண்டலச் செடிகளின் இலைகளில் அடிக்கடி கிடைப்பவை. காற்றிலும் மழைச்சாரலிலும் வரும் ஸ்போர்கள் வழியாகவே பெரும்பாலும் இவை இலைக்குள் நுழைவதால், தளிரைவிட முற்றிய இலையிலும், கோடையைவிட மழைக்காலத்திலும் பொதுவாக அதிகமாகக் காணப்படுகின்றன. அகாரில் வளராதவையும் உண்டு. ஆகவே தட்டில் தெரிவது முழுக் கணக்கு அன்று.

1993இல் பசிபிக் யூ மரத்தின் உட்பட்டையில் வாழும் ஒரு பூஞ்சை, புற்றுநோய் மருந்தான டாக்சாலைத் தானே உண்டாக்குவதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தது முதல், மூலிகையின் குணமெல்லாம் பூஞ்சையால் வருவதுதான் என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. அந்தப் பூஞ்சையிடமிருந்து கிடைத்த அளவு மிகமிகச் சிறியது. ஆடாதோடையின் முக்கிய மருந்துப் பொருளான வாசிசினோ செடி தானே உண்டாக்கும் பொருள். எனவே அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை.

நடைமுறையில் கவலைப்பட வேண்டியது இலையைப் பறித்த பிறகு நடப்பதைப் பற்றித்தான். செடியின் எதிர்ப்பு அடங்கியதும், அதுவரை அமைதியாக இருந்த உள்வாழ் பூஞ்சைகளில் சில இலையைச் சிதைக்கத் தொடங்குகின்றன. ஈரம் தங்கினால் வெளியிலிருந்து அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணமும் வந்து சேர்கிறது. எவ்வளவு கழுவினாலும் உள்ளிருப்பவை போகா. ஆகவே பறித்த அன்றே இலைகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில், கையால் நொறுக்கினால் பொடியும் வரை உலர்த்த வேண்டும். ஈர இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவே கூடாது. பூசண வாடை வந்துவிட்ட இலையை மறுபடி வெயிலில் காயவைத்துக் கஷாயத்துக்கு எடுக்காதீர்கள்: அஸ்பெர்ஜில்லஸ் வகைகள் சில உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் உண்டாகியிருந்தால் கொதிக்கவைப்பதால் அது அழியாது.