கோர் என்றால் வயிறா?

சென்னையில் எந்த ஜிம்முக்குப் போனாலும் காதில் விழும் கட்டளை, "கோரை டைட்டா வை!" உருபு சேர்ந்ததும் பாய் முடைகிற கோரைப்புல் ஞாபகம் வருவது எனக்கு மட்டும்தானா, தெரியவில்லை. அதைக் கேட்ட பத்தாம் வகுப்புப் பையன் வயிற்றை உள்ளே எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். அவனுக்குக் கோர் என்றால் வயிறு, வயிறு என்றால் சிக்ஸ் பேக். கோர் பலப்பட்டால் பிள்ளைகளின் கூன் விழுந்த தோளும் நிமிரும் என்று விளம்பரங்கள் வேறு சொல்கின்றன. இரண்டையும் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் கோர் என்பது பழத்தின் நடுவே விதைகளைப் பொதிந்திருக்கும் கெட்டிப் பகுதி. ஆப்பிளைத் தின்று முடித்ததும் கையில் மிஞ்சுமே, அது. இதயத்தைக் குறிக்கும் லத்தீன் 'கோர்'தான் இதன் வேர் என்று பலர் எழுதுகிறார்கள். நல்ல அகராதிகள் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. உடற்பயிற்சிப் பேச்சில் இந்தச் சொல் பரவலானது போன நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்குத் தூண்டுதலான ஆய்வுகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996இல் வெளியிட்டது. கையைத் தூக்கச் சொன்னால், தோள் தசைக்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை இறுகுகிறது என்று கண்டார்கள். கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. அசைவது கை, ஆனால் முதலில் தயாராவது நடு உடம்பு.

ஆக, கோர் என்பது வயிற்றின் முன்பக்கம் மட்டும் அல்ல. முன்னால் வயிற்றுத் தசைகள், பக்கவாட்டில் சாய்தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், மேலே மூச்சுக்கான உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் எல்லாம் அதில் அடக்கம். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'மையம்' மொட்டையாக நிற்கிறது. 'கரு' என்றால் பேச்சு பிரசவ வார்டுக்குப் போய்விடும். அழகான பழஞ்சொல் ஒன்று உண்டு: காழ், அதாவது வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதி. உள்ளே வைரம் பாய்ந்திருப்பது மரம், வெளியே வைரம் பாய்ந்திருப்பது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கும்போது அகக்காழ், புறக்காழ் என்கிறது. கோர் என்பதற்கு அகக்காழ் கச்சிதமான பொருத்தம்தான். ஆனால் மாஸ்டர் "அகக்காழை இறுக்கு" என்று கத்தினால் பையன்கள் சிரித்துவிடுவார்கள். எழுத்துக்கு நடுவுடல், வாய்க்கு நடு உடம்பு. என் ஓட்டு இதற்கே.

சரி, நடுவுடலுக்கும் பிள்ளைகளின் தோளுக்கும் என்ன சம்பந்தம்? மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளும் இடுப்புக்கு மேலுள்ள 5 முள்ளெலும்புகளின் மீதுதான் நிற்கின்றன. சோர்ந்து உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் உருளும், கீழ்முதுகின் வளைவு தட்டையாகும், மார்பு உள்வாங்கும். பிறகு செல்போனைப் பார்க்கக் கழுத்து முன்னால் நீளும். சுமார் 5 கிலோ தலையை அப்படித் தொங்கவிட்டால் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். "கூன் போடாதே" என்று அம்மா சொன்னதும் பையன் தோளை மட்டும் பின்னால் தள்ளுகிறான். அடியில் பிடிமானம் இல்லாததால் இரண்டே நிமிடத்தில் பழைய நிலை. கிடுகிடுவென உயரம் கூடும் வயதில், புதிய உயரத்தைத் தாங்கத் தசைகளும் பழகியாக வேண்டும்.

ஆனால் நடுவுடல் பலப்பட்டால் தோள் தானாக நிமிர்ந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மார்புத் தசைகள் இறுகிக் கிடந்தால் அவற்றை நீட்ட வேண்டும், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளைத் தனியாகப் பலப்படுத்த வேண்டும். படுத்துக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கும் கிரஞ்சை மட்டும் செய்வது இன்னும் மோசமான தேர்வு. அது உடம்பை முன்னால் சுருட்டப் பழக்குகிறது, பின்பக்கத்துக்கு வேலையே கொடுப்பதில்லை. சிக்ஸ் பேக் மோகத்தில் பையன்கள் செய்வதென்னவோ அதைத்தான்.

முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்துவது பிளாங்க். மொட்டை மாடியில் அதைப் போடும் பிள்ளையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இடுப்பு தொங்கும், தோள் காதை நோக்கி ஏறும், தலை கவிழும். தோளுக்கு நேர் கீழே முழங்கை இருக்கட்டும். தரையைக் கீழே தள்ளுவதுபோல் அழுத்தினால் தோள்பட்டை விரியும். பிட்டத்தை லேசாக இறுக்கி, பார்வையைக் கைகளுக்கு நடுவே வைத்து, மூச்சை அடக்காமல் இயல்பாக விட்டு வாங்க வேண்டும். ஆரம்பத்தில் 20 விநாடி போதும். இந்த நிலை கலைந்த பிறகு நிற்கும் ஒரு நிமிடத்தால் பயனில்லை. அப்புறம், நாலு காலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுகிற பயிற்சி. நடுவுடல், முதுகு, தோள் மூன்றுக்கும் அதில் வேலை இருப்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் சுற்றிய கர்லாக்கட்டையும் இதே ரகம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பும், வாரம் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லாக் கூனும் பயிற்சியில் நிமிராது. நிமிரச் சொன்னால் நிமிர்கிற கூன் பழக்கத்தால் வந்தது. குப்புறப் படுத்தாலும் மேல்முதுகு வளைந்தே இருந்தால், முள்ளெலும்புகளே ஆப்பு வடிவில் சரிந்து வளரும் ஷாயர்மன் நோயாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை முதலில் ஜிம்முக்கு அல்ல, எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.