இறால் மடியில் ஒரு வாசல்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் அடுத்தடுத்துச் செத்து ஒதுங்கின. பலவற்றுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்ததைக் காட்டும் அடையாளம் அது. கடலிலேயே வாழ்ந்தாலும் ஆமைக்கு இருப்பது நுரையீரல்தான். மூச்சு வாங்க அது மேலே வந்தே ஆகவேண்டும். இழுவை மடியோ, அதாவது விசைப்படகு பின்னால் இழுத்துப் போகும் பை போன்ற வலை, மணிக்கணக்கில் தண்ணீருக்கடியில் இழுபடும். உள்ளே மாட்டிய ஆமை பதறித் துடிப்பதால் இருக்கிற காற்றும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த மாதங்களில் கரையை நெருங்குபவை முட்டையிடும் வயதை எட்டிய ஆமைகள். அந்த வயதுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்பதால், ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப நெடுநாள் பிடிக்கும்.

இதைத் தடுக்க ஒரு எளிய கருவி இருக்கிறது. மீன்துறையில் அதை ‘டெட்’ என்பார்கள். ஆமை விலக்குக் கருவி. மடியின் கழுத்துப் பகுதியில், ஜன்னல் கம்பி போன்ற ஒரு சட்டத்தைச் சாய்வாக வைத்துக் கட்டுகிறார்கள். அமெரிக்க அளவில் கம்பிகளுக்கு இடையே சுமார் 10 செ.மீ. இடைவெளி. இறால் அதில் நுழைந்து மடியின் கடைசிக்குப் போய்விடும். ஆமை நுழைய முடியாது. பின்னால் வரும் தண்ணீர் தள்ள, சாய்ந்த கம்பிகள் மீது வழுக்கிக்கொண்டு போகும். சட்டம் முடிகிற இடத்தில் வலையில் ஒரு வாசல் வெட்டி, அதன் மேல் ஒரு வலைத்துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆமை முட்டியதும் அது விலகும். ஆமை வெளியே போனதும் மூடிக்கொள்ளும். சரியாகப் பொருத்தினால் மாட்டும் ஆமைகளில் 97 சதவீதம் தப்பிவிடும் என்பது அமெரிக்க மீன்வளத் துறையின் கணக்கு.

சரி, இந்தச் சட்டத்தை உலகெங்கும் உள்ள படகுகளில் எப்படி மாட்ட வைப்பது? அமெரிக்கா தன் சந்தையைக் கையில் எடுத்தது. ஆமைக்குப் பாதுகாப்பில்லாத முறையில் கடலில் பிடித்த இறாலை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1989-இல் சட்டம் இயற்றியது. முதலில் கரீபியன், மேற்கு அட்லாண்டிக் நாடுகளுக்கு மட்டும் பொருந்திய அது, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 1996 மே முதல் எல்லா நாடுகளுக்கும் வந்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன.

1998-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் பலர் ‘அமெரிக்கா தோற்றது, ஆமையும் தோற்றது’ என்று படித்தார்கள். உள்ளே இருந்தது வேறு. வர்த்தக உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைக் காக்க ஒரு நாடு வர்த்தகத் தடை போட இடம் தருகிறது. அந்தச் சொல் கனிமங்களைத்தான் குறிக்கும், குட்டி போட்டுப் பெருகும் உயிர்களை அல்ல என்று வழக்குப் போட்டவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். உயிரினமும் தீர்ந்துபோகும், ஆமையும் அதில் அடக்கம் என்றது அமர்வு. பழுது சட்டத்தின் நோக்கத்தில் இல்லை, நடத்திய விதத்தில்தான். கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம், ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம். அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், நம்மோடு அப்படிப் பேசவில்லை. எங்கள் முறையை அப்படியே பின்பற்று என்றும் கட்டாயப்படுத்தினார்கள்.

அமெரிக்கா சட்டத்தை விடவில்லை, விதிகளைத் திருத்தியது. தன் முறைக்கு இணையான பலன் தரும் வேறு திட்டம் இருந்தாலும் போதும் என்றது. ஆசிய நாடுகளோடு பேச்சுக்கும் வந்தது. மலேசியா மறுபடி வழக்குக்குப் போனபோது, 2001-இல் தீர்ப்பு அமெரிக்காவுக்குச் சாதகமாக வந்தது. இன்றும் சுற்றுச்சூழலுக்காக ஒரு நாடு இறக்குமதிக் கதவை மூடினால் அதை எடைபோடும் முக்கிய அளவுகோல்களில் இந்த வழக்கு ஒன்று. எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது, ஆமையையும் ஏழை நாட்டு மீனவரையும் எதிரெதிரே நிறுத்தாமல், இரண்டு பேருக்கும் நியாயம் கேட்டதுதான்.

ஆனால் நம் கடலில் கதை முடியவில்லை. ஆமைப் பாதுகாப்பு போதவில்லை என்று 2019-இல் இந்தியாவின் கடல்பிடி இறாலுக்கு அமெரிக்கக் கதவு மூடியது. நாம் அங்கே அனுப்புவதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்த்த வன்னாமி என்ற இறால் வகை. அதற்குத் தடை இல்லை. அதனால் மொத்த ஏற்றுமதிக்கு வலி குறைவு. அழுத்தம் விழுவது விசைப்படகுக்காரர் மேல். அவர் மடியில் இறால் மட்டும் வருவதில்லை. கூடவே வரும் மீனை விற்றுத்தான் டீசல் கணக்கை ஈடுகட்டுகிறார். ஆமை போகும் வாசல் வழியே பெரிய திருக்கையும் போய்விடும் என்ற அவரது பயத்தில் உண்மை இருக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதை மனத்தில் வைத்து, நம் வலைகளுக்கேற்ற டெட் ஒன்றை வடிவமைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான விலையையும், முதல் பருவத்தில் நழுவிப்போகும் மீனுக்கான நஷ்டத்தையும் இறால் ஏற்றுமதியில் வரும் வருமானத்திலிருந்தே கொடுக்கலாம். மீனவரின் சட்டைப்பையில் கைவைக்க வேண்டியதில்லை.