ஆல்பத்தைக் காட்டினால் நிதி வராது

போன வாரம் இன்னொரு குடியிருப்போர் சங்கம் வந்தது. கையில் ஒரு தடித்த ஆல்பம். இடிந்த கால்வாய், இருட்டில் கிடக்கும் பேருந்து நிலையம், ஒழுகும் மார்க்கெட் கூரை. "எங்க ஊரைவிட மோசமான ஊர் உண்டா சார்? எங்களை ஏன் விட்டுட்டாங்க?" நகராட்சிகளுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்வி இப்போது அலுத்தே போய்விட்டது.

மோசமான ஊருக்குத்தான் முதலில் பணம் என்று யார் சொன்னது? 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தையே பாருங்கள். 100 இடங்களை முதலில் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தார்கள். நகர மக்கள்தொகைக்குப் பாதி மதிப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட்ட நகரங்களின் எண்ணிக்கைக்குப் பாதி. அப்புறம் மாநிலத்துக்குள் மதிப்பெண் போட்டி. ஊழியர்களுக்குப் போன மாதம் வரை சம்பளம் கொடுத்தாயிற்றா, கணக்குத் தணிக்கை முடிந்ததா, குடிநீர்ப் பராமரிப்புச் செலவில் எவ்வளவு கட்டணமாகத் திரும்பி வருகிறது, இதற்கெல்லாம் மதிப்பெண். உங்கள் கால்வாய் எவ்வளவு நாறுகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. தேறிய நகரங்கள் முன்மொழிவோடு மறுபடி போட்டியிட்டு, 2016 ஜனவரியில் முதல் 20 நகரங்கள் தேர்வாயின. மத்திய அரசு தந்த அளவுக்கு மாநிலமும் நகராட்சியும் சேர்ந்து பங்குத்தொகை போடவும் வேண்டியிருந்தது.

இது நியாயமா என்றால், இல்லை. சம்பளம் கொடுக்கவே திணறுகிற ஊருக்குத்தான் உதவி அதிகம் தேவை. அந்த ஊர்தான் முதல் சுற்றிலேயே விழுகிறது.

சரி, தேவையை மட்டுமே அளந்தால் போதுமா? இங்கிலாந்தில் 2019-இல் ஊர் மேம்பாட்டு நிதி கொடுப்பதற்காக 541 ஊர்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தினார்கள். அதிக முன்னுரிமை பெற்ற 40 ஊர்கள் அப்படியே உள்ளே வந்தன. மற்ற ஊர்களிலிருந்து இன்னும் 61 ஊர்களை அமைச்சர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலில் 535-ஆவது இடத்தில் இருந்த சீடில் என்ற ஊரும் அந்த 61-இல் இருந்தது! நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு பிற்பாடு கடுமையாகக் கண்டித்தது. தராசு எதுவானாலும் கடைசியில் அதைப் பிடிப்பது ஒரு கைதான்.

அந்தக் கையை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் ஊர்க் கணக்கை ஒழுங்காக்கலாம். சொத்து வரியைப் பாக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்து குறைப்படாதீர்கள். கடைசியாக எந்த ஆண்டுக் கணக்குத் தணிக்கையானது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வழக்கில் கிடக்கும் நிலத்தில் திட்டம் கேட்காதீர்கள். திட்ட அறிவிப்பு வந்தபிறகு அறிக்கை எழுதச் சொல்லி எங்களிடம் ஓடி வராதீர்கள். இரண்டு வாரத்தில் நாங்கள் வண்ணப் படம் போட்டுத் தந்துவிடுவோம், அது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் மண் பரிசோதனையும் வடிகால் அளவீடும் இரண்டு வாரத்தில் நடக்காது.

ஆல்பத்தோடு வந்தவர்களிடம் தணிக்கை பற்றிக் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை தயவுசெய்து அந்தத் தணிக்கைக் காகிதத்தோடு வாருங்கள், ஆல்பத்தை வீட்டிலேயே வைத்துவிடலாம்.