லாபம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் என்ன?

பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "வளரும் நாடுகளில் ஒவ்வொரு நிறுவனத்தைப் பற்றியும் தனித்தனியாகத் தரவு வேண்டும், எங்கே கிடைக்கும்?" எங்கே என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். கிடைக்கிற தரவில் யாரெல்லாம் இல்லை என்பதில்தான் தலைவலி.

முதலில் எல்லோரும் போவது உலக வங்கியின் என்டர்பிரைஸ் சர்வேக்கு. 150க்கும் மேற்பட்ட நாடுகள், பதிவு செய்துகொண்டால் இலவசம். மின்வெட்டு, கடன், லைசென்ஸ் எல்லாம் கேட்டிருப்பார்கள், லஞ்சமும் உண்டு. அதை மட்டும் "நீங்கள் கொடுத்தீர்களா" என்று கேட்பதில்லை; "இதுபோன்ற நிறுவனங்கள்" எவ்வளவு கொடுக்கின்றன என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஆனால் இந்தச் சர்வே, பதிவு பெற்ற, குறைந்தது 5 பேர் வேலை செய்யும் நிறுவனங்களோடு நின்றுவிடும். பெரிய நிறுவனங்களை வேண்டுமென்றே விகிதத்துக்கு மேல் எடுத்திருப்பார்கள் என்பதால், கூடவே தரும் எடைகளை (ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை நிறுவனங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்களை) போடாமல் சராசரி எடுத்தால் கணக்கு தப்பு.

நாடுகள் தாங்களே எடுக்கும் கணக்கெடுப்புகளிலும் இப்படி ஒரு கோடு இருக்கும். இந்தியாவின் ஆண்டுத் தொழிற்துறை ஆய்வு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது: மின்சாரம் இருந்தால் 10 தொழிலாளர், இல்லாவிட்டால் 20. இந்தோனேசியாவில் 20 பேர். சீனாவில் பல ஆண்டுகள், அரசு நிறுவனமாக இல்லாவிட்டால் 50 லட்சம் யுவான் விற்பனை இருந்தால்தான் உள்ளே. 2009இல் ஷியே, க்ளெனோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இந்திய, சீனத் தரவுகளை வைத்துத்தான் ஒரு கணக்குப் போட்டார்கள். மூலதனமும் உழைப்பும் அமெரிக்காவில் உள்ள அளவுக்காவது சரியான ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தால், உற்பத்தித் துறையின் உற்பத்தித்திறன் சீனாவில் 30 முதல் 50 சதவீதமும் இந்தியாவில் 40 முதல் 60 சதவீதமும் கூடும் என்று வந்தது. இந்தியத் தரவுக் கோப்பில் ஒரு வரிசை என்பது பொதுவாக ஒரு தொழிற்சாலை, ஒரு கம்பெனி அல்ல; இதைக் கவனிக்காமல் ஏமாறுகிறவர்கள் நிறைய.

சரி, கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒற்றை ஆள் கடைகள்? அங்கே கணக்குப் புத்தகமே இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இலங்கையில் காலி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்களில், சம்பள ஆள் இல்லாத சிறு தொழில்களை டி மெல், மெக்கன்சி, வுட்ரஃப் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2005 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மாத விற்பனையைக் கேள், செலவைக் கேள், கழித்தால் லாபம். பள்ளிக்கூடக் கணக்கு. கழித்துப் பார்த்தால், கடைக்காரர் தன் வாயால் சொன்ன லாபத்துக்கும் இதற்கும் ஒட்டவே ஒட்டாது.

ஏன்? ஒருவர் இந்த மாதம் 60,000 ரூபாய்க்குத் துணி வாங்கித் தைக்கிறார், அது இரண்டு மாதத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40,000க்கு விற்பனை. முதல் மாதம் கழித்தால் 20,000 நஷ்டம், அடுத்த மாதம் 40,000 முழுக்க லாபம். இரண்டுமே பொய், உண்மையில் மாதம் 10,000. சரக்கு வாங்கிய மாதமும் விற்ற மாதமும் வேறு வேறு, அவ்வளவுதான் விஷயம். இவர் யாரையும் ஏமாற்றவில்லை, நம் கழித்தல்தான் அவரை ஒரு மாதம் ஏழையாகவும் மறு மாதம் பணக்காரராகவும் ஆக்குகிறது.

விற்பனையைச் சுமார் 30 சதவீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்பதும் தெரிய வந்தது. தினக் கணக்கு எழுத நோட்டுக் கொடுத்தபோது, சொல்லும் விற்பனையும் செலவும் மாறின, லாபம் பெரிதாக மாறவில்லை. கடைசியில், "எல்லாச் செலவும் போக, நீங்கள் எடுத்துக்கொண்டதைக் கழிக்காமல், இந்த மாதம் எவ்வளவு லாபம்?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதே நீண்ட பட்டியலைவிட நம்பகமான எண்ணைத் தந்தது. இதே குழு குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த தொழில்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்து, அந்த முதலீட்டின் பலன் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் என்று சொல்ல முடிந்ததற்கும் இந்த அளவீடுதான் அடித்தளம்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், அதே கடைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், பணம் வேண்டும். எண்களைத் திரையில் அழகாகக் காட்டும் டாஷ்போர்டுக்குக் கிடைக்கும் நிதி வீடு வீடாகப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை என்பது என் பழைய புலம்பல். சிறு கடைகளையும் சேர்த்து எண்ணும் இந்தியாவின் பொருளாதாரக் கணக்கெடுப்பையே பாருங்கள்: ஆறாவது 2013இல் நடந்தது. ஏழாவதற்காக 2019இல் களத்தில் இறங்கியும் முடிவுகள் பல ஆண்டுகள் வெளிவராமலே கிடந்தன.

அதனால் மாணவிக்கு: தரவுக் கோப்பை அப்புறம் திறக்கலாம், முதலில் கேள்வித்தாளை இறக்கி, லாபத்தை நேராகக் கேட்டிருக்கிறார்களா, கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழித்திருந்தால், மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்ற கேள்வி பக்கத்திலேயே இருக்கிறதா என்று தேடுங்கள்.