லேபிள் புதுசு, ஒயின் பழசு

போன மாதம் ஒருவர் 1959ஆம் ஆண்டு பர்கண்டி ஒயின் ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். லேபிள் வெள்ளை வெளேரென்று இருந்தது. "போலிதானே?" என்றார். பழைய பாட்டில்களைச் சரிபார்ப்பது என் வேலை. அவருடைய சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் அந்த பாட்டில் அசல்.

பிரான்சில் பர்கண்டியின் போன் நகரத்தில் நெகோசியான் எனப்படும் பழைய ஒயின் வியாபாரிகள் உண்டு. பூஷார் 1731இலும் பத்ரியார்ஷ் 1780இலும் தொடங்கியவை. இப்படிப்பட்ட வியாபாரிகளின் நிலவறைகளில் பாட்டில்களை லேபிள் ஒட்டாமலே அடுக்கி வைப்பது வழக்கம். ஒட்டினால் ஈரத்தில் ஊறி அழுகிவிடும். விற்கும்போதுதான் ஒட்டுவார்கள். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, குறைந்த ஒயினை நிரப்பிப் புதுக் கார்க் போடுகிற இடங்களும் உண்டு. அதனால் லேபிளும் கார்க்கும் புதிதாக இருப்பது மட்டும் குற்றமில்லை. அந்த பாட்டில் நிலவறையை விட்டு எப்போது கிளம்பியது, அதற்கு ரசீது இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என்னிடம் ஒரு புற ஊதா விளக்கு இருக்கிறது. 1950களுக்கு முந்திய காகிதம் அதன் அடியில் மங்கலாகவே தெரியும். பிற்காலக் காகிதம் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். இவருடைய லேபிளும் ஒளிர்ந்தது. ஆனால் ரசீது 1990களில் போட்டது, இரண்டும் பொருந்தின. ரசீதே இல்லாமல், "அந்தக் காலத்திலேயே ஒட்டிய லேபிள்" என்று சொல்லி இதைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் ரூடி குர்னியவன் என்ற போலி ஒயின் வியாபாரி. பத்ரியார்ஷின் பழைய பர்கண்டி பாட்டில்களை மலிவாக வாங்கி, பெரிய தோட்டங்களின் லேபிளை ஒட்டிப் பல மடங்கு விலைக்கு விற்றார். உள்ளே இருந்ததும் உண்மையிலேயே வயதான பர்கண்டி என்பதால் தேர்ந்த நாக்குகளும் ஏமாந்தன. ருசி பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தயவுசெய்து நம்பாதீர்கள்.

அவரைக் காட்டிக்கொடுத்தது வருடக் கணக்கு. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு, பர்கண்டியில் ஒயின் செய்யும் பொன்சோ குடும்பத்தின் 'குளோ சான்-தெனி' என்ற ஒயின் என்று சொல்லி 1945 முதலான பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ நேரில் போய் விற்பனையை நிறுத்தவைத்தார். ரூடி 2012இல் கைதானார், 2014இல் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது.

வாங்குமுன் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியின் உறைக்குக் கீழே கார்க் தெரிந்தால் அதில் அச்சிட்ட பெயரும் வருடமும் லேபிளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்தைச் சுரண்டிய தடமோ, லேபிளைச் சுற்றி வேறொரு பசையின் கறையோ இருந்தால் வாங்க வேண்டாம்.

அப்புறம், காலி பாட்டில். உணவகத்தில் குடித்து முடித்த பாட்டில்களை ரூடி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த 1959ஐத் திறந்தபின், அதைக் கொண்டுவந்தவர் பாட்டிலை ஞாபகமாக வைத்துக்கொள்ளக் கேட்டார். லேபிளின் குறுக்கே அழியாத மையில் தேதி எழுதி, கார்க்கை இரண்டாக வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.